கை கொடுத்து ஏற்றிய ஆள்

பேய் இருட்டில்தான் வரும் என்று நம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம். சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு நடந்தது நல்ல வெயிலில், முப்பது பேருக்கு நடுவில். ஒரு சொல் கூட்டிச் சொல்லவில்லை.

என் பெயர் ஷர்லி. சொந்த ஊர் ஆவூர்ப் பக்கம். படித்தது வரலாறு. மணமேல்குடியிலிருந்து பழைய துறைமுக ஊர்களைச் சுற்றிக் காட்டும் படகில் கைடு வேலை. போஸ்டரில் ‘க்ரூஸ்’ என்று போட்டிருப்பார்கள். நேரில் பார்த்தால், மேலே ஷெட் போட்டு, பெஞ்சு அடித்து, பெயின்ட் பூசிய ஒரு பழைய விசைப்படகு. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று கரையோரமாகவே போய், தொண்டி வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும்.

எங்கள் பக்கத்துக் கடலில் ஆழம் கிடையாது. சேறும் மணலும்தான். அதனால், இறங்குமேடை உள்ள மணமேல்குடியைத் தவிர மற்ற ஊர்களில் பெரிய படகு தூரத்திலேயே நிற்கும். பயணிகள் கரையிலிருந்து சின்ன வள்ளத்தில் வருவார்கள். படகில் நிற்கிறவர் கை கொடுத்துத் தூக்கி ஏற்ற வேண்டும். அந்த வேலையும் என்னுடையதுதான்.

டிரைவர் அய்யப்பன் அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார்.

“மொகத்தைப் பாத்து கை குடு தாயி. நீ ஏத்துன ஆளை நீயேதான் கை குடுத்து எறக்கணும். இங்கிட்டு அதுதான் மொறை.”

எனக்குச் சிரிப்பு வந்தது. தலையாட்டி வைத்தேன்.

முதலாளி ஆனந்தராஜ் சொன்னதுதான் உறைத்தது. “ஒரு பிரச்சினை வந்தாலும், பொம்பளையப் படகுல ஏத்துனதாலதான்னு ஊரே பேசும். அன்னைக்கோட வேலைய விட்டு நின்னுக்கங்க.” இந்த வேலைக்காக வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவள் நான். நின்றுகொள்வதற்கா வந்தேன்?

அது நடந்த அன்று படகு கடைசியாக நின்ற துறையின் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த ஊர்க்காரர்கள் மேல் பழி விழ வேண்டாம். ஒரு காலத்தில் அங்கிருந்து அரிசியும் துணியும் கப்பல் ஏறின. இப்போது பாதி மண்ணில் புதைந்த செங்கல் சுவர் ஒன்று மட்டும் நிற்கிறது.

மணி மூன்றரை இருக்கும். பயணிகள் சுவரைப் பார்த்துவிட்டு வள்ளத்தில் திரும்பினார்கள். என் இடது கையில் மைக். அந்தத் துறையின் கதையைச் சொல்லிக்கொண்டே, வலது கையை நீட்டி ஒவ்வொருவராக ஏற்றினேன். முகம் பார்க்கவில்லை. கடைசியாக ஒரு கை வந்தது. ஈரம். சொரசொரப்பு. கனமான வளையல் ஒன்று என் மணிக்கட்டில் இடித்தது. முதலில் எடையே இல்லை. பிறகு தோள்பட்டை கழன்றுவிடும் போல் ஒரு கனம்… இழுத்துவிட்டேன்.

திரும்பிப் பார்த்தேன். எதிரில் யாரும் இல்லை. வள்ளம் எப்போதோ கரையை நோக்கிப் பாதித் தூரம் போயிருந்தது.

என் உள்ளங்கையில் மட்டும் சேறு.

வெயில், களைப்பு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். படகு கிளம்பியது. கிளம்பியதிலிருந்தே இடது பக்கம் சாய்ந்தபடி ஓடியது. அய்யப்பன் அண்ணன் நாலு பேரை வலது பக்கம் மாற்றி உட்கார வைத்தார். சாய்வு மாறவில்லை. இடது பக்கக் கடைசி பெஞ்சில் ஒரு இடம் காலியாகவே கிடந்தது. நின்றுகொண்டு வந்தவர்கள்கூட அங்கே உட்காரவில்லை.

டக்… டக்…

அந்தப் பக்கக் கம்பியில் ஏதோ தட்டிக்கொண்டே வந்தது.

ரம்யா என்று ஒரு டீச்சர், கந்தர்வக்கோட்டைக்காரர். அந்தக் காலி இடத்துக்கு அடுத்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

“மேடம், இந்த அம்மாவுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்களேன். தொண்டை காஞ்சு போச்சுங்கிறாங்க.”

எந்த அம்மா?

வாய் வரை வந்த கேள்வியை விழுங்கினேன். கேட்டிருந்தால் படகே அலறியிருக்கும். மறுநாள் எனக்கு வேலை இருக்காது. சீல் உடைக்காத பாட்டில் ஒன்றைக் கொண்டுபோய் அந்தக் காலி இடத்தில் வைத்தேன். மனதுக்குள் ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபத்தைத் தொடங்கினேன். பாதியில் மறந்துவிட்டது.

மணமேல்குடி வந்தது. ஒவ்வொருவராகக் கை கொடுத்து இறக்கினேன். ரம்யாவும் இறங்கிப் போனார். படகு காலி.

சாய்வு அப்படியே இருந்தது.

பெஞ்சில் பாட்டில். சீல் உடையவில்லை. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அய்யப்பன் அண்ணன் கரைக்குத் தாவிவிட்டார்.

“யாரையோ எறக்காம வச்சிருக்க தாயி. மொதலாளிக்குப் போன் போடுறேன். நீ எறங்கி ஊரைப் பாக்கப் போ.”

“போடுங்கண்ணே. ஏத்துனது நான். எறக்கிட்டுத்தான் வருவேன்.”

பயமாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை. ஆனால் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். யாரென்றே தெரியாத ஒருத்திக்காக நான் ஏன் வேலையை விட வேண்டும்?

காலி பெஞ்சைப் பார்த்துக் கையை நீட்டினேன்.

“எறங்குங்கம்மா.”

ஒன்றும் இல்லை.

“எறங்குங்கங்கிறேன்ல!”

டக்.

என் கையைப் பிடித்தது…

ஈரம்.

சில்லென்று…

விடவில்லை.

நானும் விடவில்லை. பிடித்தபடியே கரைக்குத் தாவினேன். பின்னால் படகு ஒருமுறை ஆடி நேரானது. கையிலிருந்த பிடி தளர்ந்தது.

அய்யப்பன் அண்ணன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முதலாளிக்குச் சொல்லவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாள் மைக்கில் என் குரல் வழக்கத்தைவிடச் சத்தமாகவே இருந்தது.

அடுத்த வாரம் ரம்யா டீச்சர் போன் செய்தார். படகில் எடுத்த போட்டோக்களை அனுப்பச் சொன்னார். பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

“அந்த அம்மா நல்லா இருக்காங்களா மேடம்?”

“எ… எந்த ஊர்னு உங்ககிட்ட ஏதும் சொன்னாங்களா?”

“என்ன மேடம், ஒங்க சொந்தம்னுல்ல நெனச்சேன்? ‘எங்க எறங்கணும்மா?’ன்னு கேட்டேன். ‘ஊரெல்லாம் எனக்கு இல்ல. ரொம்ப நாளா கையை நீட்டிக்கிட்டு நின்னேன், இந்தப் புள்ளைதான் புடிச்சுச்சு. இனி இது எங்கிட்டுத் தங்கியிருக்கோ நானும் அங்கிட்டே இருந்துக்குறேன்’னாங்க.”

நான் மணமேல்குடியில் ஒற்றை அறை எடுத்துத் தனியாகத் தங்கியிருக்கிறேன். போனை வைத்தேன். அறையைச் சுற்றிப் பார்த்தேன். கட்டில், மேசை, கொடியில் என் துணிகள்.

“இருந்துக்கங்க,” என்றேன் சத்தமாக. “ஆனா விடிஞ்சா நான் படகுக்குப் போவேன். அதை மட்டும் உங்களால நிறுத்த முடியாது.”

விளக்கை அணைக்காமல் படுத்தேன். காலையில் படகுக்குப் போனேன். இன்றும் போகிறேன்.