மலைக்குப் போகும் தபால் பை

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்கும் தம்பியின் வணக்கம். அழுது முடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். அக்காவுக்கு அழுமூஞ்சி ஆகாது. "சொல்ல வந்ததச் சொல்லுடா, மூக்க அப்புறம் சிந்து" என்பார்.

அக்கா பிறந்தது போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டத்துக் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில். அப்பாவும் அம்மாவும் காய் எடுக்கப் போனவர்கள். அம்மா சீக்கிரமே போய்விட்டார், பின்னாலேயே அப்பாவும். அப்பாவின் தங்கையான எங்கள் அத்தைதான் இருவரையும் வளர்த்தார். மழையில் நனைந்து தோட்ட வேலை பார்த்து, எங்களைக் கீழே போடியில் விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தார். அக்கா பட்டம் வாங்கி, பரீட்சை எழுதி, தபால் பிரிக்கும் வேலைக்குப் போனார். படிப்படியாக உயர்ந்து, தபால் போகும் வழிகளைத் திட்டமிடும் குழுவில் அதிகாரியானார். அவருக்கு மாப்பிள்ளை பார்த்து அலுத்துப் போனவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். அந்த ஒரு விஷயத்தில் அவர் யார் பேச்சையும் கேட்கவில்லை.

கடிதங்கள் குறைந்துகொண்டே வந்த காலம் அது. சிறிய ஊர்களில் இருந்த பிரிப்பு நிலையங்களில் ஆட்கள் இருந்தார்கள், பிரிக்கத் தபால் இல்லை. அவற்றை மூடிவிட்டு, பெரிய நகரங்களில் மொத்தமாகப் பிரிப்பதென்று முடிவானது. எந்த ஊர்ப் பை எந்த வண்டியில் எங்கே போக வேண்டும் என்று நாடு முழுவதற்கும் புதிதாகத் திட்டம் போட்டார்கள். எங்கள் பக்கத்து வேலை அக்காவிடம் வந்தது.

இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். "நாலு சின்னத் தோட்டத்துக் காய உலத்த நாலு ஸ்டோரு எதுக்குடா? ஒரே ஸ்டோர்ல போட்டா வெறகாவது மிஞ்சும்ல?" என்றார். விறகு எரித்துக் காய் உலர்த்தும் கூடத்தைத்தான் மலையில் ஸ்டோர் என்பார்கள். ஏலக்காய் வியாபாரியான எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பழைய கடிதங்களை நினைத்து உருகுகிறவர்களையும் அவர் விடமாட்டார். "சாவுச் சேதி நாலு நா கழிச்சு வந்துச்சே, அந்தக் காலமா வேணும்?" என்று கேட்பார்.

போடி நிலையமும் மூடப்பட்டது. சொந்த ஊர் ஆபீசையே மூடியவர் என்று சிலர் பேசினார்கள். அக்கா அங்கே வேலை பார்த்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனார். காலை ரயிலில் போய் மாலையில் வீடு திரும்பும்படியான இடங்களுக்கே அவர்களை மாற்ற ஏற்பாடு செய்தார். பேசியவர்களும் பிறகு பேசவில்லை.

ஆனால் ஒரு தப்பு நடந்தது. போடி நிலையத்திலிருந்து தினமும் காலை பஸ்ஸில் ஒரு பை மேலே மலைக்குப் போகும். அது எந்த ஆணையிலும் இல்லை, வழக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. மலைத்தோட்டங்கள் இருப்பது பக்கத்து மாநிலத்தில். எங்களுக்கோ அது மேலே, இது கீழே, அவ்வளவுதான். வெளியூர்க்காரர் யாராவது திட்டம் போட்டிருந்தால், மேலே எப்படிப் போகும் என்று கேட்டிருப்பார். அக்காவுக்கு அது கேள்வியாகவே தோன்றவில்லை. அதனால் அந்தப் பையைத் திட்டத்தில் எழுதாமல் விட்டுவிட்டார். நிலையத்தை மூடியதும் பை நின்றது. போடியில் போட்ட தபால் மதுரைக்குப் போய், அங்கிருந்து பக்கத்து மாநிலத்து நகரத்துக்குப் போய், மலையின் அந்தப் பக்கமாக ஏறி வந்தது.

அத்தை இன்றும் மேலே லயத்தில்தான் இருக்கிறார். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். நான் போடியில் வாங்கித் தபாலில் அனுப்புவேன். அக்கா விடுமுறையில் வந்திருந்த அன்று அத்தையின் போன் வந்தது.

"ஏத்தா, ஊருக்கெல்லாம் பிளான் போட்டியே, நம்ம மலைய எங்கத்தா விட்ட? எம் மாத்திர ஊரச் சுத்திட்டு வருது. முந்தி கீழ போட்டா மறுநா மேல வந்துரும்."

அக்காவின் முகம் சுண்டிவிட்டது. "எந் தப்புதான் அத்தே. எழுத விட்டுப்போச்சு. சரி பண்ணிர்றேன்."

"வெரசாப் பண்ணுத்தா. மாத்திர இல்லாட்டி நான் காட்டுக்குள்ள விழுந்து கெடப்பேன்."

நான் அன்றைக்கே மாத்திரையை ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில் கொடுத்துவிட்டேன். காரியம் முடிந்ததே, இனி எதற்குக் கவலை என்றேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நம்ம அத்தைக்கு நீ இருக்க. கீழ ஆளில்லாதவுக என்னடா செய்வாக?"

பையைத் திரும்ப விட இரண்டு மாநில அலுவலகங்களும் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தப்பு என்னுடையது என்று அக்காவே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துத்தான் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்கு மதுரைக்கு வந்து படுத்தவர், படுக்கையிலிருந்தே போனில் பேசினார்.

"ஒரு கைப்பிடித் தபால்கூட இல்லையே மேடம், அதுக்குத் தனிப் பையா?" என்றார் மறுமுனையில் ஒருவர்.

"கைப்பிடிதான் சார். அதுல மாத்திரையும் இருக்கு" என்றார் அக்கா. வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்த உடம்பில் அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. பக்கத்தில் நின்ற எனக்குப் பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

ஆணை வந்தது. தற்காலிகமாக விடுகிறோம், தபால் மேலும் குறைந்தால் நிறுத்திவிடுவோம் என்று அதிலேயே இருந்தது. முதல் பையில் போன மாத்திரை மறுநாளே கிடைத்ததாக அத்தை கூப்பிட்டுச் சொன்னார். "வந்துருச்சு ஆத்தா. நீ நல்லாருப்ப." அக்கா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். அதன் பிறகு சில வாரங்களே இருந்தார். போடியில், எங்கள் வீட்டில், நான் பக்கத்தில் இருக்கும்போதே அமைதியாகப் போய்விட்டார்.

எங்களுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் முடிக்க முடியாது. முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நன்றி. மூடிய நிலையத்திலிருந்து மாறிப்போன ஊழியர்கள் அத்தனை பேரும் இறுதி ஊர்வலத்தன்று ரயிலேறி வந்து அக்காவைத் தூக்கிச் சுமந்தார்கள். அதை என்றும் மறக்கமாட்டேன். மேலே உள்ளவர்களை அன்றைக்கு வாடகை வாங்காமல் இறக்கி ஏற்றிய ஜீப் ஓட்டுநர்களுக்கும், பையைத் தினமும் ஏற்றிக்கொண்டு போகும் பஸ் நடத்துநர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எங்களை ஆளாக்கிய அத்தைக்கு நன்றி என்ற சொல் போதாது.

நினைவு நாளுக்கு இறங்கி வர முடியாத மலைச் சொந்தங்களுக்கு இந்த மலரைத் தனித்தனி உறையில், ஒவ்வொருவர் பேருக்கும் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஒரே கட்டாக ஜீப்பில் கொடுத்துவிட்டால் சுலபம்தானே என்றார்கள். மாட்டேன் என்றுவிட்டேன். உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அக்காவைப் பற்றி மேலே இருக்கும் அத்தையிடம் ஏதாவது சொல்லத் தோன்றினால் போனில் சொல்லிவிடாதீர்கள். ஒரு தபால் கார்டு வாங்கி எழுதிப் போடுங்கள். பை நின்றுவிடக் கூடாது.