மல்லாக்கத் திரும்பாத கை

என் மகளின் வலது முன்கையை அவளுடைய ஒன்பதாவது வயதில் நான் ஒடித்தேன். ஒரு முறை அல்ல, இரண்டு முறை.

அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்தோம். ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தேன். தினமும் ரயிலில் போய் வருவேன். ஒருநாள் திருத்தி வைத்த பரீட்சைத் தாள்களின் மேல் மைக்கூடு கவிழ்ந்து கிடந்தது. யார் கொட்டியது என்று கேட்டேன். தெரியாது என்றாள் மகள். அவள் கையை முதுகுக்குப் பின்னால் மடக்கித் திருகினேன். உண்மையைச் சொல்லும்வரை விடுவதில்லை என்பது என் எண்ணம். கரும்பை முழங்காலில் வைத்து ஒடிப்பது போன்ற சத்தம்தான் வந்தது. மையைக் கொட்டியது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மதுரைக்குக் கொண்டுபோனோம். கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று டாக்டரிடம் சொன்னேன். இரண்டு எலும்பும் ஒடிந்து விலகியிருந்ததால் கையைக் கீறி, எஃகுத் தகடு வைத்துத் திருகாணியால் முடுக்கினார்கள். இருபது நாளில் தையலுக்குள்ளிருந்து சீழ் வந்தது. கட்டு மாற்றும்போது அவள் தோளை நான்தான் அழுத்திப் பிடிப்பேன். என் கையைக் கடிப்பாள். நாலாம் மாதம், எலும்பு ஒருவாறு கூடியதும் தகட்டைக் கழற்றினார்கள். திருகாணி இருந்த ஓட்டைகள் தூர்வதற்கு ஆறு மாதமாவது ஆகும், அதுவரை அந்தக் கையைப் பிடித்து இழுக்கக்கூட வேண்டாம் என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

ஐந்து வாரம்கூட ஆகவில்லை. அவள் இடது கையால் எழுதிக்கொண்டிருந்தாள். எழுத்து நன்றாகவே இருந்தது. வாத்தியார் மகள் பீச்சாங்கையால் எழுதுவதா என்று ஆத்திரம் வந்தது. பேனாவைப் பிடுங்கி வலது கையில் திணித்தேன். விரல்கள் மடங்காமல் பேனா விழுந்தது. வாயில் அறைந்தேன். ஓடப் பார்த்தவளை அந்தக் கையைப் பிடித்தே சுண்டி இழுத்தேன். அதே சத்தம் கேட்டது.

அடுப்படியிலிருந்து வந்த என் மனைவி அவளை மடியில் அள்ளிக்கொண்டு, "இன்னொரு கை பாக்கி இருக்கு. அதையும் ஒடிச்சிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்க" என்றாள்.

மகள் அழவில்லை. உதட்டில் ரத்தத்தோடு என்னைப் பார்த்து, "கெணத்தடியில விழுந்தேன்னு நானே சொல்லிருதேம்ப்பா" என்றாள்.

சொன்னபடியே சொன்னாள். டாக்டர் அவள் மணிக்கட்டில் பதிந்திருந்த விரல் தடங்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

சீழ் பிடித்த இடத்தில் மறுபடி தகடு வைக்க முடியாது என்று மாவுக்கட்டு போட்டார்கள். எலும்புகள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக் கூடின. அதன் பிறகு அவள் உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பவே இல்லை. கோயிலில் தீர்த்தம் வாங்க வேண்டுமானால் தோளை இறக்கி உடம்பையே ஒரு பக்கமாக வளைப்பாள். அப்படியும் பாதி கீழே சிந்தும்.

போன மார்கழியில் பட்டர் தீர்த்தக் கரண்டியோடு காத்து நின்று, கைக்கு என்னம்மா என்று கேட்டார்.

"சின்னதுல கெணத்தடியில விழுந்துட்டேன் சாமி" என்றாள்.

பட்டர் அடுத்து என்னிடம் வந்தார். கையை நீட்டி, சிந்தாமல் வாங்கிக் குடித்தேன்.

அவள் எங்கும் விழவில்லை.