நகர மண்டபத்தில் விரித்த இரண்டு சேலைகள்

எண்பதுகளின் கடைசியில், நாங்கள் கிழக்கு லண்டனில் குடியிருந்தபோது நடந்தது இது. எந்தக் கவுன்சில் என்று சொல்லமாட்டேன். பிழை அவர்களிடம் மட்டும் இருக்கவில்லை, என்னிடமும் இருந்தது.

ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் எங்களுக்கு ஒரே ஒரு அறை. அதற்குள் நான், கணவர், நான்கு வயது மகள், கணவரின் தம்பி, அவருடைய மனைவி, அவர்களின் கைக்குழந்தை என்று ஆறு பேர். தம்பிக்கு இரவு ஷிப்ட். அவர் பகலில் நித்திரை கொள்வார், நாங்கள் இரவில். அப்படித்தான் சமாளித்தோம். சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. அது மகளின் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முட்டு இழுக்கத் தொடங்கினால் பிள்ளை மூச்சுக்குத் தவிப்பாள். இந்த அறையை விட்டு மாறாமல் மருந்து கொடுத்துப் பயனில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

குறைந்த வாடகைக்கு நகரசபை கொடுக்கிற கவுன்சில் வீட்டுக்கு எழுதிப் போட்டோம். நெரிசலுக்கு இத்தனை புள்ளி, ஈரச் சுவருக்கு இத்தனை புள்ளி என்று போட்டு, கூடிய புள்ளி எடுத்தவர்களுக்கு முதலில் வீடு கொடுப்பார்கள். நிலைமையை நேரில் பார்த்து எழுத ஒரு உத்தியோகத்தர் வருவார் என்று கடிதம் வந்தது.

இனி நான் செய்த விசர் வேலையைக் கேளுங்கள். வீட்டுக்கு ஆள் வருகிறது என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மெத்தைகளையும் சூட்கேசுகளையும் கீழ்வீட்டுக்காரரின் ஷெட்டில் கொண்டுபோய் அடைத்தேன். தம்பி குடும்பத்தை ஸ்ட்ரெதமில் இருந்த சிநேகிதர் வீட்டுக்கு அனுப்பினேன். கணவரைக் கொண்டு ஒரு வாளி வெள்ளைப் பெயின்ட் வாங்குவித்து, பூஞ்சணத்துக்கு மேலே இரண்டு பூச்சுப் பூசுவித்தேன். விடிய எழும்பி ரோல்ஸ் பொரித்தேன். வந்த பெண் நல்ல மனுஷி. ஆறு பேர் என்று சொன்னபோது சுற்றிப் பார்த்தாள், ஒரு கட்டில்தான் தெரிந்தது. இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டு, தேத்தண்ணி குடித்து, வீடு அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

மூன்று கிழமைக்குப் பிறகு முடிவு வந்தது. சுவரில் ஈரம் இல்லை, குடும்பம் வசதியாக இருக்கிறது, நெரிசல் உறுதிப்படவில்லை. அதை வாசித்துவிட்டுப் படியில் குந்தியிருந்து அழுதேன். யாரைத் திட்டுவது? அந்தப் பெண் கண்ணால் கண்டதைத்தான் எழுதியிருந்தாள். அதற்குள் பெயின்டைத் தள்ளிக்கொண்டு பூஞ்சணம் திரும்பவும் வந்துவிட்டது.

அந்த நாட்களில்தான் கிளினிக்கில் ஒரு அறிவித்தல் பார்த்தேன். வீடு ஒதுக்கும் விதிகளைக் கவுன்சில் மாற்றப்போகிறது, மக்கள் நகர மண்டபத்துக்கு வந்து கருத்துச் சொல்லலாம் என்று இருந்தது. புதிய விதிகளில் ஒன்றை இரண்டுதரம் வாசித்தேன். உத்தியோகத்தர் ஒருமுறை வந்து எழுதுவதே முடிவு, மறுமுறை பார்க்கும்படி கேட்க முடியாது. அது நிறைவேறினால் என் பிள்ளை அந்தச் சுவரோடுதான் வளரவேண்டும்.

கணவருக்குப் பயம். "உமக்கேன் உந்த வேலை? எங்கட அகதிக் கேசே இன்னும் முடியேல்லை. பேசாமல் இரும்" என்றார்.

"நான் என்ன களவெடுக்கவே போறன்? கருத்துச் சொல்லச் சொல்லி அவங்கள்தான் கூப்பிடுறாங்கள். நீங்கள் ஷிப்டுக்குப் போங்கோ" என்றேன்.

முடிவு வந்த கடிதத்தில் அறையின் அளவையும் தப்பாகப் போட்டிருந்தார்கள். எங்களிடம் அளவு நாடா இல்லை. இரண்டு சேலைகளை முடிந்து, சுவரோரமாகப் பிடித்து அளந்தேன். நான்கு சுவரையும் சுற்றி வந்த பிறகும் ஒரு முழம் மிச்சம் இருந்தது. ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பி மனைவி, "அக்கா, இவ்வளவுக்குள்ளயே நாங்கள் ஆறு பேரும் கிடக்கிறம்?" என்றாள். இத்தனை நாள் இருந்த அவளுக்கே அப்போதுதான் விளங்கியது. மூலைகள் வந்த இடங்களில் சேலையில் ஊசி குத்தி, மடித்துப் பையில் வைத்தேன். அவளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னோடு வந்தாள்.

மண்டபத்தில் நூறு பேராவது இருந்திருப்பார்கள். மேடையில் கவுன்சிலர்கள் நான்கு பேர். முன்வரிசையில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எழும்பி, நேற்று வந்ததுகள் எல்லாம் வரிசையில் முன்னுக்கு நிற்குதுகள், என் மகன் இன்னும் காத்திருக்கிறான் என்றார். சிலர் கை தட்டினார்கள். எனக்குக் கோபம் வந்தது. கையை உயர்த்தினேன்.

கொன்வென்டில் படித்த இங்கிலீஷ் அன்றைக்குக் கைகொடுத்தது. உங்கள் உத்தியோகத்தர் பொய் எழுதவில்லை, நான்தான் அவளை ஏமாற்றினேன் என்று தொடங்கினேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு வருகிறவருக்கு எங்கள் கஷ்டத்தைக் காட்டமாட்டோம், அது மரியாதை இல்லை, நான் சுவருக்குப் பெயின்ட் அடித்துவிட்டு அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்தேன், என்னைப் போல எத்தனை பேர் அப்படிச் செய்திருப்பார்கள், அந்த ஒரு நாளை வைத்தா எங்கள் பிள்ளைகளின் தலையெழுத்தை முடிப்பீர்கள் என்று கேட்டேன்.

தலைவர் மணிக்கூட்டைக் காட்டி, உங்களுடைய மூன்று நிமிடம் முடிந்துவிட்டது என்றார்.

"என் மகள் மூன்று நிமிடம் மூச்சுக்குத் தவித்ததை நான் பார்த்திருக்கிறேன். மூன்று நிமிடம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். நான் போய் உட்காரமாட்டேன்" என்றேன்.

மேடைக்கு முன்னால் இருந்த வெறுந்தரையில் சேலைகளை விரித்தோம். ஊசி குத்திய இடங்களில் மடக்கி ஒரு சதுரம் போட்டேன். கட்டிலுக்கு ஆறு நாற்காலி, அலுமாரிக்கு இரண்டு, அடுப்புக்கு ஒரு சின்ன மேசை என்று உள்ளே வைத்தேன். பிறகு மேடையைப் பார்த்து, இதற்குள் ஆறு பேர் வந்து படுங்கள், குடும்பம் வசதியாக இருக்கிறதா என்று பார்க்கலாம் என்றேன். ஒருவரும் அசையவில்லை. யாரோ சிரித்தார்கள்.

அப்போது அந்தக் கிழவர் எழும்பி வந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். சேலையை மிதிக்காமல் காலைத் தூக்கி வைத்து உள்ளே போனார். நாற்காலிகளுக்கு இடையில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். யன்னல் எங்கே என்று கேட்டார். ஒன்று இருக்கிறது, திறக்க ஏலாது என்றேன். அவர் மன்னிப்பும் கேட்கவில்லை, என் பக்கம் பேசவும் இல்லை. வந்த மாதிரியே போய்த் தன் இடத்தில் இருந்தார். ஆனால் அதன் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

நாலைந்து மாதம் கழித்துப் புதிய விதிகள் அச்சாகி வந்தன. எங்களுக்குப் பிடிக்காதவை அதில் நிறையவே இருந்தன. ஆனால் விண்ணப்பித்தவர் கேட்டால் மறுமுறை வந்து பார்க்கவேண்டும் என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. மறுநாளே எழுதிப் போட்டேன்.

இந்த முறை நான் ஒரு பொருளைக்கூட நகர்த்தவில்லை. வந்த உத்தியோகத்தர், ஷிப்ட் முடிந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்த தம்பியைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டியிருந்தது. கைப்பிடித் துணியால் சுவரைத் துடைத்துக் காட்டினேன், துணி கறுத்தது. தேத்தண்ணி மட்டும் கொடுத்தேன். அந்தப் பழக்கத்தை மட்டும் விட என்னால் ஏலாது.

அடுத்த வருடம் வீடு கிடைத்தது. நான்காம் மாடி, லிப்ட் பாதி நாள் வேலை செய்யாது. ஆனால் காய்ந்த சுவர். முதல் மாரிக் குளிரில் மகள் ஒருநாள்கூட முட்டு இழுக்கவில்லை.

இன்றைக்கும் கவுன்சிலிலிருந்தோ ஆஸ்பத்திரியிலிருந்தோ யாராவது வருகிறார்கள் என்றால் என் கை தானாகவே போர்வையை மடிக்கப் போகும். உடனே அந்தச் சேலைச் சதுரம் நினைவுக்கு வரும், போர்வையை அப்படியே விட்டுவிடுவேன். என் கஷ்டத்தை நானே ஷெட்டுக்குள் பூட்டி வைத்துவிட்டு, அதற்காகப் பிறகு படியில் குந்தியிருந்து அழ இனி நான் தயாராக இல்லை.