தங்கச்சி கையில் என் ஜேர்மன் கொப்பி

ஜேர்மன் மொழியை யாராவது புகழ்ந்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். மொழி பாவம், அது எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

ஜேர்மனியில் இருந்த அத்தை மகனுக்கு என்னை நிச்சயம் செய்திருந்தார்கள். அங்கே போகிற மனைவி புறப்படும் முன்பே மொழிப் பரீட்சையில் பாஸாக வேண்டும் என்று சட்டம் வந்திருந்த காலம். "நீ பாஸாகு, நான் வந்து தாலியக் கட்டிக் கூட்டிட்டுப் போறேன்" என்று அவர் போனில் சொன்னார். வாரம் முழுக்கத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் நோர்வூட்டில் பஸ் ஏறி ஹட்டனுக்கு வகுப்புக்குப் போனேன்.

எங்களுக்குப் படிப்பித்த சேர் ஜேர்மனியில் இருந்துவிட்டுத் திரும்பிய யாழ்ப்பாணத்துக்காரர். "தமிழில வேற்றுமை உருபு சொல்லுக்குப் பின்னால ஒட்டும், பிள்ளையள். அங்க ஒரு சின்னச் சொல் முன்னால நிண்டுகொண்டு பின்னால வாறதுகளை ஆட்டி வைக்கும்" என்பார். 'மிட்' என்றால் உடன். அது டாட்டிவ் வேற்றுமை கேட்கும். 'ஓன' என்றால் இல்லாமல்; அது அக்குசாட்டிவ் வேற்றுமை கேட்கும். ஏன் என்று கேட்டால் சேருக்கும் கோபம்தான் வரும். மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. ஆவுஸ், பை, மிட், நாஹ் என்று மலையில் முணுமுணுத்தபடி பறிப்பேன். "என்னம்மா, பேய் ஓட்டுறியா?" என்று கங்காணி கேட்பார்.

மாலையில் என்னைச் சோதிப்பது தங்கச்சியின் வேலை. என் கொப்பியைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்பாள். பிழைத்தால் தலையில் ஒரு குட்டு. அவளை எனக்கு உயிர். அந்தக் குட்டுக்காகவே சில நாள் வேண்டுமென்று தப்பாகச் சொல்வேன்.

குடும்பத்துக்கு ஓர் அறையாக வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரை வரை போகாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் ஆயுசு சொல்வார்கள். ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை நாள் காலையில் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போன அம்மாவுக்கும் பக்கத்துக் காம்பரா அக்காவுக்கும் வாளி வைக்கும் இடத்துக்காகச் சண்டை. மத்தியானமும் அந்த அக்காவுக்குக் கோபம் ஆறவில்லை. நான் தங்கச்சிக்குப் பாடம் ஒப்புவித்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு மேலால் அவள் குரல் வந்தது.

"இன்னும் எத்தன நாளைக்கு அந்தப் புள்ளய ஏமாத்துவீங்க? அவன்தான் அங்கேயே ஒருத்தியக் கட்டிக்கிட்டானே! லயத்துக்கே தெரியும், அது ஒருத்திக்குத்தான் தெரியாது!"

நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் திடுக்கிடவில்லை. கொப்பியிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

"ஒனக்கும் தெரியுமா?"

"மூணு மாசமாத் தெரியும். அம்மாதான் சொல்லாதன்னாங்க."

அப்போது அவளுக்கு மஸ்கெலியாவில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். மூத்தவள் ஜேர்மனிக்குப் போகிறவள் என்பதில் அந்த வீட்டுக்கு ஏகப் பெருமை. மூத்தவளை ஒருவன் கைவிட்டான் என்று தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று வீட்டில் பயம். வெளியாருக்கு முன்னால் லயம் தன் பிள்ளையை விட்டுக்கொடுக்காது. அதனால் லயமே வாயை மூடிக்கொண்டிருந்தது. நானும் அந்த லயத்துப் பிள்ளைதான் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

"அப்புறம் எதுக்குடி தெனமும் ஒக்காந்து கேள்வி கேட்ட?"

"நிப்பாட்டுனா ஒனக்குச் சந்தேகம் வந்துருமேக்கா."

அத்தை மகனை நான் போட்டோவில்தான் பார்த்திருந்தேன். அவன் மேல் வந்த கோபம் ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. இவளோடு நான் ஒரே பாயில் படுத்தவள்.

தங்கச்சியின் கல்யாணத்தன்று தாலி கட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், மாப்பிள்ளையின் அம்மா நாலு பேர் கேட்க என்னிடம் கேட்டார்.

"நீங்க எப்பம்மா ஜேர்மனிக்குப் போறீங்க?"

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிட எனக்கு நாக்கு துடித்தது. ஒரு வார்த்தை போதும்.

"பரீட்ச முடிஞ்சதும் போயிருவேங்க" என்றேன்.

தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள். பெண்ணுக்கு வெட்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு நான் அவளைக் காப்பாற்றினேன். இன்றுவரை மன்னிக்கவில்லை.