முத்துப்பேச்சி மதினியின் குலவை

முத்துப்பேச்சி மதினி குலவை போட்டால் எதிர்மலை லயத்து வீடுகளில் நாய் குரைக்கும் என்று நாங்கள் கேலி பேசுவோம். அப்படி ஒரு குரல். ஒரு காலத்தில் எங்கள் எஸ்டேட் மாரியம்மன் கோயில் கொடை விழாவில் கும்பம் கிளம்ப வேண்டுமென்றால் மதினியின் குலவை முதலில் எழும்ப வேண்டும். மற்ற பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவோம்.

மதினி என் சின்ன அண்ணன் சங்கையாவின் மனைவி. மூணாறு மாட்டுப்பட்டிப் பக்கம் முப்பது வருஷமாகத் தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். அண்ணன் மஞ்சள்காமாலையில் போனபோது அவளுக்கு முப்பத்து மூன்று வயது, மகள் நர்மதாவுக்கு ஆறு. அடுத்த பங்குனிக் கொடையில் மதினி பழக்கத்தில் கும்பத்துக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள். பெரிய அண்ணன் பிச்சைமணிதான் கோயில் கமிட்டித் தலைவர்.

"பின்னால போயி நில்லு தாயி. நல்ல காரியம் நடக்கு" என்றார்.

அதட்டிச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகச் சொன்னதால்தான் யாரும் ஏன் என்று கேட்கவில்லையோ என்று இப்போது தோன்றுகிறது. நானும் கேட்கவில்லை. பத்தொன்பது வருஷம் மதினி கோயிலுக்குப் பின்னால் பொங்கல் பானை கழுவினாள். முன்னால் நின்று குலவை போட்டது நான். என்னுடையது பூனைக்குட்டிக் குரல். அம்மன் பொறுத்துக்கொண்டாள்.

நர்மதா நன்றாகப் படித்தாள். கொரியாவில் ஜொன்ஜு என்ற ஊரில் நெல் விதையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். மறையூரில் வாத்தியார் வேலை பார்க்கும் வேல்முருகனுக்கும் அவளுக்கும் தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்தோம். அன்றைக்குப் பெரிய அண்ணன், "தாலி கட்டும்போது எங்க வீட்டுக்காரி குலவை எடுப்பா. முத்துப்பேச்சி பந்தல் ஓரமா இருந்து பாக்கட்டும்" என்றார். நர்மதா போனில் முகம் தெரியப் பேசிக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டாள்.

மறு மாதம் மதினிக்கும் எனக்கும் விமான டிக்கெட் வந்தது.

"எங்க ஊரச் சுத்திப் பாத்துட்டு வாங்க. பெறகு கல்யாணம்" என்றாள் நர்மதா. 'எங்க ஊரு' என்றதில் அண்ணனுக்குப் பெரிய வருத்தம்.

நாங்கள் போனது ஐப்பசி. தெருவெல்லாம் மஞ்சள் இலை கொட்டிக் கிடந்தது. ஊருக்கு நடுவில் பழைய காலத்து வீடுகளை அப்படியே வைத்திருக்கிறார்கள். கறுப்பு ஓடு, ஓரம் தூக்கிய கூரை, காகிதம் ஒட்டிய கதவு. ஒரு வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் வைத்தால் தரை கதகதவென்று இருந்தது.

"அடுப்பு எங்கட்டி இருக்கு?" என்றாள் மதினி.

"தரைக்கு அடியிலம்மா."

"மூணாறு குளிருக்கு நம்ம லயத்தக் கெட்டுனவனுக்கு இந்தப் புத்தி இல்லாமப் போச்சே!"

மதியம் கிண்ணத்தில் சோறும் அதன்மேல் எட்டுப் பத்து வகைக் காயும் சிவப்பு மிளகாய் விழுதும் வந்தன. எல்லாவற்றையும் பிசைந்து சாப்பிட வேண்டுமாம். அன்று எனக்கு விரதம். நர்மதா கடைக்கார அம்மாளிடம் சொல்லி முட்டையும் கறியும் இல்லாமல் வாங்கித் தந்தாள். மதினி கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கையாலேயே பிசைந்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்தார்கள். அவள் நிமிரவே இல்லை.

சாயங்காலம் ஒரு சின்னக் கூடத்தில் பாட்டு. பான்சோரி என்று பெயர். பாயில் ஒருவர் உட்கார்ந்து மத்தளம் தட்டினார். வயதான ஓர் அம்மாள் கையில் விசிறியோடு நின்று, அழுவதும் சிரிப்பதுமாக ஒரு கதையைப் பாடினாள். கரகரத்த குரல். அடிவயிற்றிலிருந்து வந்தது. பாட்டு உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் மத்தளக்காரர் "ஒல்சூ!" என்று கூவினார். சனமும் கூவியது. அப்படிக் கூவுவதுதான் மரியாதை, சும்மா உட்கார்ந்திருந்தால் பாடுபவருக்குத் தெம்பு வராது என்று நர்மதா சொன்னாள்.

மதினி அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இவுகளுக்கு வீட்டுக்காரர் இருக்காரா?"

"யாருக்கும்மா தெரியும்? இங்க அதக் கேட்டுட்டா பாட விடுதாங்க?"

பாட்டு மறுபடி மேலே ஏறியது. சனம் வாய் திறப்பதற்குள் என் காதோரம் குலவை எழும்பியது. பத்தொன்பது வருஷம் கழித்துக் கேட்கிறேன், உடம்பெல்லாம் புல்லரித்துப்போனது. ஆனால் நான் செய்த காரியத்தையும் சொல்லத்தான் வேண்டும். என் கை போய் மதினியின் வாயைப் பொத்தியது.

"வேண்டாம் மதினி."

அவள் என் கையைப் பிடித்து மடியில் இறக்கி வைத்தாள். "கையை எடு ராமலச்சுமி. இங்க உங்க அண்ணன் இல்ல" என்றவள் மறுபடியும் போட்டாள், முன்னதைவிட நீளமாக. மத்தளக்காரர் ஒரு நொடி கையை நிறுத்தினார். பிறகு ஓங்கி ஒரு அடி அடித்தார். பாடிய அம்மாள் விசிறியை மதினி பக்கம் நீட்டித் தலையை ஆட்டிவிட்டு, அந்த வேகத்திலேயே பாட்டின் அடுத்த அடியை எடுத்தாள்.

நர்மதா அதைப் படம் பிடித்துச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே அண்ணன் கூப்பிட்டார்.

"என்ன முத்துப்பேச்சி இது, கண்காணாத தேசத்துல கூத்தடிச்சுக்கிட்டு?"

"கூத்து இல்ல அத்தான். குலவை."

"கல்யாணத்துல இதெல்லாம் வச்சுக்கிடாத, சொல்லிட்டேன்."

"எம்மவ கல்யாணத்துல நாந்தான் போடுவேன். அத்தான் காதப் பொத்திக்கிடுங்க."

போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார் அண்ணன். நான் வாங்கவில்லை. அவர் பேச்சைத் தட்டியது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை.

தை மாதம் மாரியம்மன் கோயில் வாசலில் கல்யாணம். தான் கையைக் காட்டும்வரை நிறுத்தக் கூடாது என்று அண்ணன் மேளக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார். தாலி ஏறியது. மேளம் கொட்டியது, கொட்டிக்கொண்டே இருந்தது. அண்ணன் மனைவி போட்ட குலவை அதில் எங்கே போனதென்று தெரியவில்லை. மதினி மகளுக்குப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அவளுக்கு அவசரமே இல்லை. நாதஸ்வரக்காரர் முகம் சிவந்து அண்ணனைப் பார்த்தார். எவ்வளவு நேரம்தான் ஊத முடியும்? மேளம் நின்றது.

அப்போது போட்டாள்.

நான் சேர்ந்துகொண்டேன். இன்னும் நாலைந்து பேர் சேர்ந்தார்கள். பந்தலில் பாதிப் பெண்கள் வாய் திறக்கவில்லை. அது அவர்கள் இஷ்டம். நர்மதா மாலையும் கழுத்துமாகக் குனிந்து சிரித்தாள்.

அண்ணன் இன்னும் என்னோடு பேசுவதில்லை. பங்குனிக் கொடைக்குப் பதினெட்டு நாள் இருக்கிறது. மதினி கும்பத்துக்கு முன்னால் வரக் கூடாது என்று கமிட்டியிலிருந்து ஆட்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். "அம்மனே வந்து சொல்லட்டும், ஒதுங்கிக்கிடுதேன்" என்று மதினி பதில் அனுப்பினாள். நானும் தினமும் விளக்கேற்றி அம்மனிடம் கேட்கிறேன். அவள் இதுவரை வேண்டாம் என்று சொல்லவில்லை.