ஒற்றை விசில்

எங்கள் பஸ்ஸின் கண்டக்டர் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து ஒரு பக்கம் எடுத்துவிட்டார்கள். சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றே கைப்பிடிக் கம்பியில் ஓர் உண்டியலைக் கட்டினார். வசதியில்லாத பெண்களுக்கு இலவசப் பரிசோதனை செய்ய வசூலாம். டிரைவர் நான். ஓடுகிற வண்டியில் இதெல்லாம் எதற்கு என்று முணுமுணுத்தேன். யார் காதில் வாங்கினார்கள்?

டெப்போ மேனேஜர் நாசூக்காக 'பெண்கள் நலனுக்காக' என்று அட்டை எழுதிக் கொடுத்தார். உண்டியல் காற்று வாங்கியது. தையல் மெஷின் வாங்கவா என்று ஒருவர் கேட்டதும் அக்காவுக்கு வந்ததே கோபம்! அட்டையைக் கிழித்துப் போட்டார்.

"மார்பகப் புற்றுநோய்க்குங்க! வாய்விட்டுச் சொன்னா நாக்கு வெந்துடாது. எனக்கு வந்துச்சு, ஒரு பக்கம் எடுத்தாச்சு. இதோ, விசில் ஊதலையா, உங்களோட சண்டை போடலையா? கட்டி தெரிஞ்சா ஒளிச்சு வைக்காதீங்க, போய்க் காட்டுங்க!"

தினமும் இதே பேச்சுதான். அது காதில் விழாமலிருக்க நான் ஹாரனை அழுத்துவேன். காரணம், என் மனைவிக்கும் மார்பில் ஒரு கட்டி. கெஞ்சிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன். "இதைப் போய் எப்படிங்க காட்டுறது? யார்கிட்டயாவது சொன்னீங்க, அப்புறம் பாருங்க" என்று என் வாயையும் கட்டிப்போட்டிருந்தாள். பயத்தில் எனக்குச் சோறே இறங்கவில்லை.

ஒருநாள் மார்க்கெட்டுக்குப் போக என் மனைவி எங்கள் பஸ்ஸில் ஏறினாள். அக்கா வழக்கம்போல் தொண்டை கிழியப் பேசினார். மார்க்கெட் வந்தது, இவள் இறங்கவில்லை. அக்காவின் அருகே போய் மெல்ல ஏதோ சொன்னதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் எங்களுக்கு ஸ்டாப் கிடையாது. ஆனால் ஒற்றை விசில் கேட்டது, நிறுத்தினேன். இரட்டை விசில் வராமல் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது. இவளோ படியிலேயே நின்றாள்.

"போலாம் ரைட்! எவ்வளவு நேரம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"இந்தப் பொண்ணு இறங்குற வரைக்கும் விசில் கிடையாது. அவசரம்னா நடந்து போங்க!" என்றார் அக்கா.

இவள் இறங்கி, என் ஜன்னல் பக்கம் வந்தாள்.

"நீங்க வண்டியை எடுங்க. நான் காட்டிட்டு வரேன்."

இரட்டை விசில் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கியரைப் போட்டேன்.

கட்டி ஆரம்பத்திலேயே மாட்டிக்கொண்டது. ஆபரேஷன் முடிந்து தேறிவிட்டாள். இப்போது அவளே பஸ்ஸில் ஏறி, உண்டியலைக் கழற்றி ஒவ்வொரு பயணியிடமும் குலுக்குகிறாள்.

"ஏங்க, ஜன்னல் வழியா என்ன வேடிக்கை? உங்களைத்தான்!"

முன் சீட்டில் இருந்தவர் காதைப் பொத்திக்கொண்டு என்னிடம் கேட்டார்: "யாருப்பா அந்தம்மா? கண்டக்டரையே தூக்கிச் சாப்பிட்டுடுவாங்க போல!"

"என் பொண்டாட்டி சார்!" என்றேன், கடைசி சீட் வரைக்கும் கேட்கிற மாதிரி.