துறைமுகத்தின் மற்றப் பாதி

நாங்கள் படிக்கும் நாவலில் தேங்காய் என்று ஒரு சொல் வந்தாலே போதும், பன்னிரண்டு தலைகளும் என் பக்கம் திரும்பும். நான் தாதியாக வேலை செய்யும் இந்த இங்கிலாந்துப் பட்டணத்தின் நூலகத்தில், வியாழன் மாலைகளில், முன்பு வெள்ளையர் ஆண்ட நாடுகளின் நாவல்களைப் படித்துப் பேசுகிறோம். கதை நடக்கும் தீவு அவர்களைப் போலவே எனக்கும் தெரியாத தீவுதான். ஊரிலிருக்கும் உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். நானும் முதலில் சிரித்தேன்.

சொந்த வீட்டுக்குத் திரும்பியும் அந்நியனாக நிற்கும் ஒருவனின் கதையைப் பேசி முடித்த மாலையில், வோல்ட்டர் என்ற முதியவர் என்னருகே வந்து அமர்ந்தார். கடற்படையில் இருந்தவர், என் ஊரான திருகோணமலையில் இரண்டு வருடம் கழித்தாராம். ஒரு தாளில் பென்சிலால் துறைமுகத்தின் படத்தைக் கீறி, கப்பல் பழுதுபார்க்கும் டொக்யார்ட்டுக்குள் இருந்த விளையாட்டுத் திடல், படம் காட்டும் மண்டபம், நிழல் மரங்கள் எல்லாவற்றையும் ஆசையோடு காட்டினார். எங்கள் தெரு அதில் இல்லை.

என் அப்பா அந்த டொக்யார்ட்டில் தச்சுவேலை செய்தவர். பாஸைக் காட்டி உள்ளே போவார். சோற்றுப் பார்சலோடு போகும் அம்மாவும் நானும் வாசல் கேற்றடியில் நின்றுவிடுவோம். வெள்ளையர் போன பிறகும் அந்தக் கேற் எங்களுக்குத் திறக்கவில்லை.

"நான் அங்கே பிறந்தவள். உள்ளே இறங்கியதே இல்லை" என்றேன், கோபமாக.

கடலைச் சொல்கிறேன் என்று நினைத்து, நீச்சல் தெரியாதா என்று பரிவோடு கேட்டார். விளங்கியதும் அவர் முகம் சிவந்தது. தன்னையும் மேலதிகாரிகள் கடைத்தெருப் பக்கம் விடவில்லை என்று சொல்லி, பென்சிலை என்னிடம் நீட்டினார். மற்றப் பாதியை நான் கீறினேன்.

அடுத்த லீவில் ஊருக்குப் போனபோது அந்தத் தாளை அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"வெள்ளைக்காரன் கீறினது சரி, பிள்ளை. உன்ரை பக்கந்தான் பிழை. மார்க்கெட்டைக் கொண்டுபோய்க் கோயிலுக்குப் பின்னாலை வைச்சிருக்கிறாய்."

இருவரும் சிரித்தோம். பிறகு நான் குசினிக்குள் போய், அடுப்படியில் நின்று கொஞ்சம் அழுதேன். அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். மறுநாள் என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய், ஒவ்வொரு கடையாக, விருந்தாளிக்குக் காட்டுவதுபோல் பொறுமையாகக் காட்டினார்.

புறப்படுவதற்கு முன், சிநேகிதி ஒருத்தியைப் பார்க்க, விரிகுடாவைக் கடந்து மூதூருக்குப் போகும் லோஞ்சில் ஏறினேன். பக்கத்திலிருந்த மூதூர்ப் பெண் என் காலிலிருந்த வெளிநாட்டுச் சப்பாத்தைப் பார்த்துவிட்டு, "உங்கட ஊடு எந்தப் பக்கம், மகள்?" என்று கேட்டார். நான் கரையை நோக்கிக் கை நீட்டினேன். லோஞ்ச் வளைந்து திரும்பிக்கொண்டிருந்தது. நீட்டிய விரல் நுனியைக் கடைத்தெரு கடந்து போனது, பிறகு டொக்யார்ட் மதில், பிறகு திறந்த கடல்.